மாலை கழற்றிய மறுநாள்

தை மாதத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேலூர்க் கோட்டைக்குப் போனால், அகழியை ஒட்டிய பாதையில் ஒருவரையொருவர் இடிக்காமல் நடப்பதே சிரமம். புது ஷூவும் காதை மூடிய மப்ளருமாக, கையை வேகமாக வீசிக்கொண்டு, ஊரே நடக்கக் கிளம்பிவிட்டது போலத் தோன்றும். அதே பாதைக்குச் சித்திரையில் போய்ப் பார்த்தால், பல ஆண்டுகளாக நடந்துவரும் பழைய முகங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆரம்ப சூரத்தனம் என்று நாம் கேலியாகச் சொல்கிற அந்தக் கூட்டத்தில் நானும் மூன்று தை மாதங்கள் இருந்திருக்கிறேன். நான்காம் முறை தொடங்கிய நடை ஐந்தாவது ஆண்டாகத் தொடர்கிறது. இடையில் என் மன உறுதி கூடியதாக எனக்குத் தெரியவில்லை. என் மனைவியைக் கேட்டால் குறைந்திருக்கிறது என்றே சொல்லுவாள். மாறியது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்துகொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொள்கிறவர்கள் நம் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் உண்டு. ஆண்டு முழுவதும் நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிற மனிதர், 41 நாள் அதைத் தொடாமல், விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, தரையில் பாய் விரித்துப் படுத்து விரதத்தை முடித்துவிடுகிறார். மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பெட்டிக்கடை வாசலில் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார். இதைப் பார்த்து அவருடைய பக்தியைச் சந்தேகிப்பது தவறு. அந்த 41 நாளும் அவரைத் தாங்கி நிறுத்தியவை எவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உடுத்திய கறுப்பு வேட்டி, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் அவருடைய விரதத்தைச் சொல்லிவிடுகிறது. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பெட்டிக்கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "சாமி" என்கிறார். அப்படிக் கூப்பிட்டவரிடம் சிகரெட் கேட்க நா எழாது. கூட்டாளிகளோடு நிற்கும் நேரத்தில் பஜனைக்குப் போக வேண்டியிருக்கிறது. இத்தனை தூண்களும் மாலையோடு ஒரே நாளில் சரிந்துவிடுகின்றன; பழைய தெருவும் பழைய கடையும் பழைய நேரமும் அப்படியே காத்திருக்கின்றன. ஆகவே நிலைத்த பழக்கம் வேண்டுகிறவர், மாலை கழற்றிய மறுநாளும் நிற்கக்கூடிய தூண்களை, அவை எவ்வளவு சிறியவையாக இருந்தாலும், முதலிலேயே நட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு செயல்

"உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்", "நிறையப் படிக்க வேண்டும்" என்பவை ஆசைகள். செயல் என்பது எதிர்வீட்டுச் சிறுவனைக் கேட்டாலும் "செய்தார்" அல்லது "செய்யவில்லை" என்று தயங்காமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "காலையில் வாசலைத் தாண்டி நடக்கிறேன்" என்பது செயல். "இரவில் இரண்டு பக்கம் படிக்கிறேன்" என்பதும் செயல். ஒரு சமயத்தில் இப்படி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றை எடுத்துக்கொண்டு மூன்றையும் காத்தவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

செயலின் அளவைப் பற்றித்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பௌர்ணமி இரவில் வேலூரிலிருந்து பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு சுற்றி முடித்து, காலையில் வேலைக்கும் போய்விடுகிற பலரால், தங்கள் தெருவில் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்க முடிவதில்லை. இவர்களுக்குக் காலில் வலு இல்லை என்று யார் சொல்ல முடியும்? மாதத்துக்கு ஒருமுறை செய்வதைத் திருவிழா தாங்குகிறது; கூட்டம், நிலவு, வேண்டுதல் எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். தினமும் செய்வதற்கு அந்த இழுப்பு கிடையாது. எனவே அன்றாடச் செயலின் அளவை உங்கள் நல்ல நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். காய்ச்சல் விட்ட மறுநாள், தூக்கம் கெட்ட மறுநாள், வீட்டில் விருந்தாளி இருக்கும் நாள் ஆகியவற்றில் எது முடியுமோ அதுவே தொடக்க அளவு. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது சரியான இலக்குதான், ஆனால் அதை முதல் வாரத்திலேயே எட்ட முயன்றதால் என்னுடைய முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின.

ஆணி அடித்து மாட்டுதல்

செயலை முடிவு செய்தபின் அதை எதில் மாட்டுவது என்று பார்க்க வேண்டும். சட்டையைக் காற்றில் மாட்ட முடியாது. சுவரில் ஏற்கெனவே ஓர் ஆணி வேண்டும். அன்றாட வாழ்வில் நாம் யோசிக்காமல் செய்கிற ஏதோ ஒன்று அந்த ஆணி. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக விளக்குகிறது: "செய்வேன்" என்று உறுதி பூணுவது ஒன்று, "இன்னது நடந்தவுடன், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்" என்று கட்டிவைப்பது வேறு. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் இவ்வகையான 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாவது வழி வெறும் உறுதியைவிடக் கணிசமாகக் கூடுதல் பலன் தருவது தெரிந்தது. நேரம் வந்ததும் முடிவெடுக்க வேண்டிய வேலை அங்கே மிச்சம் இருப்பதில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

நான் காட்பாடியிலிருந்து அரக்கோணத்துக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவன். வண்டியில் புத்தகம் படிக்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தும், உட்கார்ந்ததும் கை கைப்பேசிக்குப் போய், இறங்கும்வரை அதிலேயே கிடந்தது. பிறகு ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்: "வண்டி பொன்னையாற்றுப் பாலத்தின்மேல் ஏறியதும் கைப்பேசி பைக்குள், புத்தகம் கையில்." திருவலத்தைத் தாண்டியதும் வருகிற பாலம் அது. தரையில் ஓடும்போது ஒரு தாளமாக இருக்கிற சக்கர ஓசை, பாலத்தில் ஏறியதும் அடியில் வெற்றிடம் இருப்பது போல அதிரத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு தூங்கினாலும் காது அதைத் தவறவிடாது. முதல் இரண்டு வாரம் சீட்டைப் பார்த்துச் செய்தேன். அதற்குப் பிறகு அந்த அதிர்வு கேட்டதும் கை தானாகப் பையைத் துழாவியது. வாலாஜா ரோடு வருவதற்குள் இரண்டு பக்கமாவது முடிந்துவிடும். பல நாள் சோளிங்கர்வரை புத்தகத்தை மூட மனம் வராது.

ஆணியின் வலிமையை அது பிடுங்கப்பட்டபோதுதான் நன்றாக உணர்ந்தேன். 2021 டிசம்பரில் அந்தப் பாலத்தில் பழுது கண்டு வண்டிகள் ரத்தானபோது சில நாள் பஸ்ஸில் போய்வந்தேன். பையில் அதே புத்தகம் இருந்தது, உட்கார இடமும் கிடைத்தது. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. பழக்கம் என்னுள் எங்கோ குடியேறிவிட்டது என்று நினைத்திருந்தேன். அதில் பாதி பாலத்தில் இருந்திருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு பழக்கத்துக்கும் இரண்டாவது ஆணி ஒன்றையும் எழுதிவைக்கிறேன். பஸ்ஸில் போக நேர்ந்தால், கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கியதும் புத்தகம்.

ஆணியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். "நேரம் கிடைக்கும்போது" என்பது ஆணியே இல்லை. கடிகார நேரமும் நான் எண்ணியிருந்த அளவு உறுதியாக இல்லை, ஏனெனில் ஆறு மணி வருகிறது, போகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை ஆணியாக வைத்துக்கொண்ட எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் கைவிட்டார். தண்ணீர் ஒருநாள் விடியலிலும் ஒருநாள் நடுப்பகலிலும் வந்தால் அவர்தான் என்ன செய்வார்? தவறாமல் நடப்பதாகவும், கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ தெளிவாக எட்டுவதாகவும் இருப்பதே நல்ல ஆணி. குக்கரின் கடைசி விசில், சாமி விளக்கு ஏற்றுவது, பல் துலக்கி முடிப்பது, இரவில் வெளிக்கதவைத் தாழிடுவது ஆகியவை ஒரு குடும்பத்தில் எந்த நாளும் தவறுவதில்லை.

என் நடைக்கு நான் வைத்த ஆணி பால். தெருமுனைக் கடையிலேயே பாக்கெட் கிடைக்கும். அதை நிறுத்திவிட்டு, காந்தி நகரின் மறுகோடியில் உள்ள ஆவின் பூத்தில் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். போகவர அரை மணி நேரம் ஆகிறது. நான் கிளம்பாவிட்டால் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது. டிகாஷன் இறங்கிய பின்பும் நான் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை என்றால், பாத்திரங்கள் உருளுகிற சத்தத்திலேயே எனக்குச் செய்தி வந்துவிடும்.

இடம் செய்கிற வேலை

மூன்று முறை என் நடை நின்றுபோனதற்குக் கோட்டையும் ஒரு காரணம். விருதம்பட்டில் இருக்கிற எனக்கு அங்கே நடக்க வேண்டுமென்றால், சாவியைத் தேடி, வண்டியைக் கிளப்பி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய், நிறுத்த இடம் பார்த்து, பிறகுதான் முதல் அடி. நடப்பதற்குமுன் ஐந்து வேலைகள். அரைத்தூக்கத்தில் இருக்கிற மனிதன் மூன்றாவது வேலையிலேயே திரும்பிப் படுத்துவிடுவான். கோட்டையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் வாசலிலிருந்தே தொடங்கும்படி மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. தொடங்க வேண்டிய பழக்கத்துக்கு முன்னால் இருக்கிற வேலைகளை எண்ணி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். விட வேண்டிய பழக்கத்துக்கு முன்னால் வேலைகளைக் கூட்டுங்கள்.

விடுவதுதான் கடினம், அதற்கு என் பஜ்ஜிக் கதையே சான்று. சாயங்கால வண்டியில் காட்பாடியில் இறங்கி, டூவீலர் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பரிசோதனையில் வந்த வாரம், இனி அங்கே பஜ்ஜி இல்லை, டீயில் சர்க்கரை இல்லை என்று முடிவெடுத்தேன். நான்கு நாள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனேன். ஐந்தாம் நாள் டீ மாஸ்டர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா? ரெண்டே ரெண்டு வெச்சிக்கோ, சூடா கீது." தாள் துண்டில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி கைக்கு வந்துவிட்டது. சூடாக இல்லை என்பது தின்று முடித்தபின்தான் தெரிந்தது. உண்மையில் அந்தக் கடையில் நான் தின்ற பஜ்ஜிகளில் பாதி ஆறிப்போனவையாகத்தான் இருந்திருக்கும்.

இது என் நாக்கின் குறை மட்டும் இல்லை. டேவிட் நீல், வெண்டி வுட் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனையில், படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிய பாப்கார்னையும் சிலருக்கு ஏழு நாள் பழையதையும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் தின்னும் பழக்கம் ஊறிப்போனவர்கள், பழையது பிடிக்கவில்லை என்று சொன்னபோதும், புதியதைத் தின்கிற அளவுக்கு அதையும் தின்று தீர்த்தார்கள். தியேட்டருக்குப் பதில் ஒரு கூட்ட அறையில் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. கையை இயக்கியது ருசியைவிட இடம்தான். எனவே மாஸ்டரோடு மல்லுக்கு நிற்பதை விட்டு, வண்டி நிறுத்தும் ஸ்டாண்டையே மாற்றினேன். புதிய ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடை வராது. ஆனால் பசி என்னவோ அதே நேரத்துக்கு வந்தது. பழைய பழக்கம் நிரப்பிய இடத்தைக் காலியாக விட்டால் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகையால் ஒரு சிறிய டப்பாவில் அவித்த வேர்க்கடலையோ சுண்டலோ கொண்டுபோய், சேவூர் வரும்போது திறக்கிறேன். இறங்கும்போது வயிறு அமைதியாக இருக்கும்.

புகையிலையையும் மதுவையும் இந்தக் கணக்கில் முழுவதுமாகச் சேர்க்கக் கூடாது. அவை பழக்கத்தோடு உடலின் அடிமைத்தனமும் கலந்தவை. வழியை மாற்றுவதும் கூட்டாளிகளை மாற்றுவதும் அவற்றிலும் உதவும்; அதோடு மருத்துவ உதவியும் தேவைப்படலாம். பீடி சுற்றுவது பல வீடுகளில் பிழைப்பாக இருக்கிற நம் பக்கத்தில், புகையிலையை விட நினைக்கிறவருக்கு 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. நாள்தோறும் அதிகமாகக் குடிக்கிறவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே வைராக்கியத்தைக் காட்ட வேண்டாம்.

எத்தனை நாள்

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்கிறவர்கள் அதிகம். 1960-இல் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஒருவர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று எழுதியது, வாய்க்கு வாய் மாறி இப்படி ஆகிவிட்டது. நம் மண்டலக் கணக்கான 48 நாள் அதைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் அச்சிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலையை அடைய நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் படிந்தன, உடற்பயிற்சி தாமதித்தது. ஒருநாள் தவறியதால் படிவது கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தை முதல் தேதி தொடங்கினால் 66-ஆம் நாள் பங்குனியில் வரும் என்பதைக் கவனியுங்கள். அதாவது சற்றே மெதுவாகப் படிகிறவருக்கு, பழக்கம் வேர் பிடிக்கும் முன்பே வேலூர் வெயில் வந்துவிடும்.

வெயிலுக்கு ஒரு திட்டம்

நம் ஊரில் நடையை நிறுத்துவது பகல் வெயில் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். விடியற்காலையில் நடக்கிறவனுக்குப் பகல் 40 டிகிரியைத் தாண்டினால் என்ன? நிறுத்துவது இரவு. பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடி, இருட்டிய பின் வெக்கையைக் கீழே இறக்கத் தொடங்கும். நடுநிசி தாண்டியும் மின்விசிறி அனல் காற்றையே சுற்றிவிடும். நடுவே மின்சாரம் போனால் விசிறிமட்டையோடு திண்ணையில் உட்கார வேண்டியதுதான். மூன்று மணிக்குமேல் கண் அயர்ந்தவன் ஐந்தரைக்கு எழ மாட்டான். இதைச் சோம்பல் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவன், நான்காம் நாள் பழக்கத்தையே கைகழுவிவிடுகிறான். என் மூன்று தோல்விகளும் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னும் பின்னுமாகவே நடந்தன.

ஆகவே பழக்கத்துக்குத் தொடக்கத்திலேயே இரண்டு வடிவங்களை எழுதிவையுங்கள். ஒன்று முழு வடிவம். எனக்கு அது ஆவின் பூத்வரை. மற்றொன்று கோடை வடிவம். ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைவரை போய்ப் பாலோடு திரும்புவது, ஐந்தே நிமிடம். சிறிய வடிவத்தை ஏமாற்று என்று எண்ண வேண்டாம். ஆணியும் அதே, நேரமும் அதே, ஷூவும் அதே. தூரம் மட்டும் குறைகிறது. மே 4 வாக்கில் அக்னி தொடங்கி 28 வாக்கில் முடியும்வரை கோடை வடிவமே போதும் என்று முன்கூட்டியே அனுமதித்துக்கொண்டால், அந்த 25 நாளும் தோல்வி நாள்களாக இராமல் திட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. ஐப்பசி மழைக்கும் இதே வடிவத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு விட்டுப்போகும். ஒரு கல்யாணம், ஒரு துக்கம், ஒரு காய்ச்சல் போதும். விட்டபின் திரும்பும் முதல் நாளைப் பற்றியும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள்: அன்று சிறிய வடிவம் மட்டுமே, விட்ட நாள்களுக்கு வட்டி கட்டக் கூடாது. ஐந்து நாள் விட்டவன் ஆறாம் நாள் இரண்டு மடங்கு நடந்தால் ஏழாம் நாள் கால் வலியோடு படுத்துக்கொள்வான். எனக்கு அப்படித்தான் நடந்தது. வீட்டில் இருப்பவர்களிடம் விட்ட கணக்கைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அவர்கள் எதைக் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்க மாட்டார்கள்.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் எங்கள் சமையலறைக் கதவில் தொங்குகிறது. முழு நடைக்கு ஒரு வட்டம், சிறிய நடைக்கு ஒரு பிறை, நடக்காத நாளுக்கு ஒன்றுமில்லை. பால் பாக்கெட்டை வைத்த கையோடு பென்சிலை எடுப்பேன். "அப்பா, இன்னிக்கு வட்டமா, பிறையா?" என்பது மட்டுமே என் மகள் கேட்க அனுமதிக்கப்பட்ட கேள்வி. போன மே மாதத் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். முதல் மூன்று நாள் வட்டம், 4 முதல் 8 வரை பிறை. 9 முதல் 13 வரை ஐந்து கட்டங்களும் வெறுமை. ஆம்பூரில் ஒரு கல்யாணம், பிரியாணி, அதைத் தொடர்ந்து வயிற்றுக் கோளாறு. 14-இல், பென்சில் கூர் மழுங்கியிருந்ததால் சற்றே தடித்த ஒரு பிறை. அன்று தெருமுனைக் கடைக்காரர் பாலைக் கொடுத்துக்கொண்டே, "இன்னா சார், ஊர்ல இல்லியா?" என்று கேட்டார். 15-ஆம் தேதியும் பிறைதான். 29-இல் வட்டம் வருகிறது.